பழைய ஆர்கேட் சண்டை கேம்களுக்குத் திரும்புகிறவர்களுக்கு: முதல் மேட்சிலிருந்து முதல் டோர்னமென்ட் வரை

சின்ன வயதில் காசு போட்டு ஆடிய சண்டை கேமை மறுபடி தொட நினைக்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் போகிறார்கள். முதலில் விலை உயர்ந்த ஜாய்ஸ்டிக். அப்புறம் கேம். அப்புறம் கம்ப்யூட்டரை எதிர்த்து நாலு நாள் ஆட்டம். அதோடு ஜாய்ஸ்டிக் பரணில் ஏறிவிடும். ஆர்கேடில் நம்மை மணிக்கணக்கில் நிற்க வைத்தது பக்கத்து லிவரைப் பிடித்திருந்த ஆள்தான். அந்த வேலையைக் கம்ப்யூட்டர் செய்யாது.

அதனால் இங்கே வரிசை நேர்மாறாக இருக்கும். முதலில் எதிராளி, கடைசியில் செலவு. நான் இதில் இறங்கியபோது தகவல்கள் எல்லாம் சிதறிக் கிடந்தன. பாதி காலாவதியானவை; மீதி, ஏற்கெனவே விவரம் தெரிந்தவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டவை. அதே அலைச்சல் உங்களுக்கும் வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

1. ஒரு கேம், ஒரு கேரக்டர்

பழைய கேம் என்றதும் எல்லாவற்றையும் ஒரு சுற்று ஆடிப் பார்க்கத் தோன்றும். ஒரு வாரம் அப்படி மேயலாம், தப்பில்லை. அதற்கு மேல் போனால் எதிலும் கை நிற்காது. இன்றைக்கும் ஆள் கிடைக்கிற, டோர்னமென்ட் நடக்கிற கேம்களில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

சூப்பர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 டர்போ, 1994. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 ஆடிய கை என்றால் இங்கே ஆரம்பிப்பதுதான் இயல்பு. விதிகள் குறைவு, ஆனால் அடி பலமாக விழும். இரண்டு தவறு செய்தால் ரவுண்ட் முடிந்துவிடும். எதிராளி உங்களைத் தடுக்க வைத்து, அப்படியே நெருங்கி வந்து தூக்கி எறிவான். பழைய கூடங்களில் இதற்காகவே அடிதடி நடக்கும். இங்கே அது முறையான ஆட்டம், பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். இதில் ரகசியக் கேரக்டராக வரும் அகுமாவுக்குப் பெரும்பாலான போட்டிகளில் அனுமதி கிடையாது. அவனைப் பழகிக்கொண்டு போய் நிற்காதீர்கள்.

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3 தேர்ட் ஸ்ட்ரைக், 1999. அடி விழும் தருணத்தில் முன்பக்கம் ஒரு தட்டு தட்டினால் அது நம்மைப் பாதிக்காது. அதற்குப் பெயர் பேரி. 2004-இல் ஈவோ என்ற பெரிய சண்டை கேம் போட்டியில் ஜஸ்டின் வாங்கின் சுன் லீ விட்ட சூப்பர் (பல அடிகள் தொடர்ந்து விழும் பெரிய தாக்குதல்) முழுவதையும் ஜப்பானிய ஆட்டக்காரர் டைகோ உமெஹாரா, தன் கென்னுக்கு உயிர் ஒரு நூலளவு மிச்சமிருந்த நிலையில், அடிக்கு அடி பேரி செய்து திருப்பி அடித்து ஜெயித்தார். அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள்தான் பாதிப் பேர். வந்ததும் அதையே பயிற்சி செய்கிறார்கள். நேரம் வீண். உங்கள் முதல் நூறு மேட்சுகளில் அந்த நிலைமையே வராது. எதிராளி தாவி வந்து உதைப்பதை எப்படித் தடுப்பது என்பதுதான் தினசரிப் பிரச்சினையாக இருக்கும்.

கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் 98, கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் 2002 என்ற இரண்டு கேம்கள். மூன்று பேர் கொண்ட அணி. நான்கே பட்டன். சின்னத் தாவல், பெரிய தாவல், ஓட்டம், உருளல் என்று நகர்வுதான் இதன் உயிர். ஒரு கேரக்டர் என்று மேலே சொன்னேன், இங்கே மூன்று பழக வேண்டும். எளிமையான மூவரை எடுத்துக்கொண்டு தொடங்குங்கள், ஆறு மாதம் கழித்து மாற்றிக்கொள்ளலாம்.

மார்வெல் வெர்சஸ் கேப்காம் 2, 2000. 56 கேரக்டர்கள் இருக்கிறார்கள். ஆனால் போட்டிகளில் மேக்னெட்டோ, ஸ்டார்ம், சென்டினல், கேபிள் நால்வரைச் சுற்றியே காலம் ஓடிக்கொண்டிருக்கிறது. பார்க்க அருமையாக இருக்கும். முதல் கேமாக நான் இதைச் சொல்ல மாட்டேன்.

கேரக்டர் விஷயத்தில் யாருக்கு என்ன தரவரிசை என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். சின்ன வயதில் பிடித்தவனையே எடுங்கள். அவன் அந்த கேமில் ரொம்ப பலவீனமானவன் என்றால் மட்டும் யோசிக்கலாம். ரியூ, கென் மாதிரி ஃபயர்பால், மேலே எழும் குத்து இரண்டும் உள்ளவர்கள் கற்றுக்கொள்ள நல்லவர்கள். கேமின் அடிப்படை முழுவதும் அவர்கள் கையில் இருக்கிறது.

2. எந்தப் பதிப்பு?

ஏமாறுகிற இடம் இது. ஒரே கேம் பல பெயர்களில், பல தொகுப்புகளில் விற்பனையில் இருக்கிறது. எல்லாம் ஒன்றல்ல. காசு கொடுக்கும் முன் இந்த நான்கையும் பாருங்கள்.

நீங்கள் தேர்ந்தெடுத்த கேமுக்கு ஆன்லைன் வசதி உண்டா? 2018-இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 30-ஆம் ஆண்டுத் தொகுப்பில் 12 கேம்கள் இருக்கின்றன, ஆனால் ஆன்லைனில் ஆட முடிவது நான்கு மட்டும்: ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 ஹைப்பர் ஃபைட்டிங், சூப்பர் டர்போ, ஆல்ஃபா 3, தேர்ட் ஸ்ட்ரைக். அட்டையில் 12 படம் போட்டிருப்பதைப் பார்த்து வாங்கிவிட்டுப் பிறகு தேடக் கூடாது.

எந்த மெஷினில் ஆள் இருக்கிறார்கள்? இந்தப் பழைய தொகுப்புகளில் பிளேஸ்டேஷன்காரரும் கம்ப்யூட்டர்காரரும் ஒருவரோடு ஒருவர் மோத முடியாது. அவரவர் மெஷினில் உள்ளவர்களோடு மட்டும்தான். நீங்கள் சேரப்போகும் குழு எதில் ஆடுகிறது என்று முதலில் கேளுங்கள், பிறகு வாங்குங்கள். வாங்கிவிட்டுக் கேட்டால் பெரும்பாலும் இன்னொரு முறை வாங்க வேண்டி வரும்.

அது ஆர்கேடில் இருந்த அதே கேமா? கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் 98-க்கு அல்டிமேட் மேட்ச் என்றொரு பிற்காலப் பதிப்பு உண்டு. கேரக்டர்கள் கூடுதல், பலங்களும் மாறியிருக்கும். நல்ல கேம்தான், ஆனால் போட்டி அசல் 98-இல் நடக்கிறது என்றால் உங்கள் பழக்கம் பாதி செல்லாது.

நெட்கோட், அதாவது ஆன்லைன் ஆட்டத்தை இணைக்கும் நிரல், எந்த வகை? ரோல்பேக் என்று போட்டிருந்தால் வாங்குங்கள். இல்லை என்றால் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் விட்டுவிடுங்கள். காரணம் அடுத்த தலைப்பில்.

இவற்றுக்கு வெளியே ஃபைட்கேட் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. கம்ப்யூட்டரில் ஓடும். பழைய கேம்களின் போட்டி உலகம் பெருமளவு அங்கேதான் குடியிருக்கிறது: கேமுக்கு ஒரு அறை, உள்ளே போனால் ஆட்களின் பட்டியல், பெயரைத் தட்டிச் சவால் விட வேண்டியதுதான். மென்பொருள் இலவசம், ஆனால் கேம் கோப்புகளை அவர்கள் தர மாட்டார்கள், நீங்கள்தான் கொண்டுவர வேண்டும். அவற்றின் உரிமை கேமைத் தயாரித்த நிறுவனங்களுடையது. கோப்புகளை இலவசமாகத் தருகிறேன் என்று கூவும் தளங்களில் கண்டதையும் இறக்கினால் கம்ப்யூட்டரும் சேர்ந்து படுத்துக்கொள்ளும். கோப்பின் பதிப்பு சரியாக ஒத்துப்போகாவிட்டால் எதிராளியோடு இணைப்பே கிடைக்காது, அதையும் நினைவில் வையுங்கள்.

செலவு என்று பார்த்தால் இந்தத் தொகுப்புகள் புது கேமை விட மலிவு, வருடத்தில் சில முறை பெரிய தள்ளுபடியும் வரும். அவசரம் இல்லை என்றால் விருப்பப் பட்டியலில் போட்டுவிட்டுக் காத்திருங்கள்.

3. வயரைச் செருகுங்கள்

இந்த கேம்கள் நொடிக்குச் சுமார் 60 பிரேம் ஓடுகின்றன. ஒரு பிரேம் என்பது நொடியில் அறுபதில் ஒரு பங்கு, கிட்டத்தட்ட 16.7 மில்லி நொடி. இரண்டு மூன்று பிரேமுக்குள் பட்டனை அழுத்த வேண்டிய இடங்கள் நிறைய. பழைய ஆன்லைன் முறையில் எதிராளியின் பட்டன் செய்தி வந்து சேரும்வரை உங்கள் பட்டனும் காத்திருக்கும், சேற்றில் நடப்பது போல. ரோல்பேக் முறையில் உங்கள் பட்டன் உடனே வேலை செய்யும். எதிராளி என்ன செய்திருப்பார் என்று கேம் ஊகித்து ஓட்டிக்கொண்டே இருக்கும், ஊகம் தப்பானால் பின்னால் போய்த் திருத்திக்கொள்ளும். ஜிஜிபிஓ என்ற பெயரில் டோனி கேனன் எழுதிய நிரல் இதைப் பரப்பியது. அது இல்லையென்றால் இவற்றில் பல கேம்களை இன்று ஆட ஆளே இருந்திருக்க மாட்டார்கள்.

ஆனால் ரோல்பேக்கும் வைஃபையின் திடீர் தடுமாற்றத்தைத் தாங்காது. ரௌட்டரிலிருந்து நேரடியாக வயர் போடுங்கள். நீளமான நெட்வொர்க் வயர்தான் இந்தப் பொழுதுபோக்கில் செய்யும் மிக மலிவான, மிகப் பயனுள்ள செலவு. பல இடங்களில் வைஃபை அடையாளத்தைப் பார்த்தாலே சவாலை ஏற்க மாட்டார்கள், கோபித்துக்கொள்ளாதீர்கள். டிவியில் ஆடினால் கேம் மோடைப் போடுங்கள். போடாவிட்டால் படம் அழகாகத் தெரியும், உங்கள் அடி மட்டும் தாமதமாக விழும்.

4. கன்ட்ரோலர்: இப்போதைக்கு இருப்பதே போதும்

கையில் இருக்கிற சாதாரண பேடோடு முதல் இரண்டு மாதத்தை ஓட்டுங்கள். கீபோர்டும் சரிதான். ஆர்கேடில் லிவரைப் பிடித்த ஞாபகம் இருக்கிறதே என்பீர்கள். அந்தக் கை இப்போது இல்லை. எப்படியும் புதிதாகத்தான் பழக வேண்டும், எதில் பழகினால் என்ன?

இரண்டு மாதம் கழித்தும் தினமும் ஆடிக்கொண்டிருக்கிறீர்களா? சரி, இப்போது வாங்கலாம். மூன்று வகை.

லிவர் உள்ள ஆர்கேட் ஸ்டிக். ஜப்பானிய வகையில் பந்து போன்ற பிடி, உள்ளே சதுர வடிவத் தடுப்பு இருக்கும். மூலைகள் துல்லியமாகக் கிடைக்கும், ஆனால் புதியவர்களுக்கு லிவர் மூலையில் போய் இடிப்பது தொந்தரவாகத் தெரியும். எண்கோணத் தடுப்பு மாற்றிக்கொள்ளலாம். டெக்கன் (Tekken) கேம் ஆடுகிறவர்கள் பலர் கொரிய லிவரை விரும்புவார்கள். சான்வா, செய்மிட்சு இரண்டும் உதிரிப் பாகங்களில் பழகிய பெயர்கள்.

லிவரே இல்லாத, எல்லாம் பட்டனான பெட்டி. வேகமும் துல்லியமும் அதிகம். இடது வலது இரண்டையும் சேர்த்து அழுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு ஒவ்வொரு போட்டியிலும் விதி உண்டு. இரண்டும் ஒன்றையொன்று ரத்து செய்ய வேண்டும் என்பது பரவலான விதி. அந்த அமைப்பை மாற்ற முடியாத பெட்டியை வாங்காதீர்கள்.

மூன்றாவது பேடுதான். நல்ல நிலையில் திசைப் பட்டன் உள்ள பேடோடு பெரிய போட்டிகளை ஜெயிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

வாங்கும்போது பெட்டியின் மேல் எந்த மெஷினுக்கு என்று அச்சடித்திருப்பதை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். பிளேஸ்டேஷன் ஸ்டிக் எக்ஸ்பாக்ஸில் நேரடியாக வேலை செய்யாது, எக்ஸ்பாக்ஸ் ஸ்டிக் பிளேஸ்டேஷனிலும் செய்யாது. இடையில் கன்வெர்ட்டர் போடலாம், அது தனிச் செலவு, சில போட்டிகளில் கேள்வியும் கேட்பார்கள். இன்னொன்று, அடிப்பெட்டியைத் திறந்து பாகங்களை மாற்ற முடியுமா என்று விசாரியுங்கள். மாற்ற முடிகிற பெட்டி என்றால் மலிவான ஸ்டிக்கை முதலில் வாங்கி, பட்டன்களைப் பிறகு ஒவ்வொன்றாக மாற்றலாம். பெரும்பாலானவற்றில் ஈயப் பற்று வைக்கவே தேவையில்லை, வயர் முனையைப் பிடுங்கிச் செருகினால் போதும். பழைய ஸ்டிக் வாங்கினால் வயரின் கழுத்துப் பகுதியை வளைத்துப் பாருங்கள், முதலில் அங்கேதான் விட்டுப்போகும்.

5. என்ன பழகுவது, எதை விடுவது

பயிற்சிக் குறிப்புகளில் எல்லாம் 236, 623 என்று எண்களாக இருக்கும். பயப்பட வேண்டாம். கீபோர்டின் எண் பலகையை மனதில் வையுங்கள்: 5 நடு, 6 முன், 4 பின், 2 கீழ், 8 மேல். 236 என்றால் கீழ், கீழ்முன், முன்: ஃபயர்பால். 623 என்றால் முன், கீழ், கீழ்முன்: மேலே எழும் குத்து. கேரக்டர் வலப்பக்கம் பார்த்து நிற்பதாகக் கணக்கு.

இப்போது ஒரு காட்சி. சூப்பர் டர்போவில் நீங்கள் ரியூ, எதிரே கென். நீங்கள் அரைத் திரை தள்ளி நின்று ஃபயர்பால் விடுகிறீர்கள். கென் தடுக்கிறான். இன்னொன்று விடுகிறீர்கள், அதையும் தடுக்கிறான். ஒவ்வொரு முறை தடுக்கும்போதும் உயிர் துளி துளியாகக் கரைகிறது, அவனுக்கு எரிச்சல். மூன்றாவதை நீங்கள் விடவில்லை, சும்மா நிற்கிறீர்கள். அவன் விடுவீர்கள் என்று நினைத்துத் தாவிவிட்டான். மேலேயிருந்து இறங்குகிறவனை 623 வரவேற்கிறது. இந்த கேமின் பாதி இதுதான். காம்போ (இடையில் தடுக்க முடியாதபடி தொடர்ந்து விழும் அடிகள்) எதுவும் இல்லை. அவனைத் தாவ வைத்தீர்கள், தாவியதற்குத் தண்டித்தீர்கள்.

எனவே முதல் மாதம் மூன்றே வேலை.

தாவி வருகிறவனை அடிப்பது. எந்தப் பட்டன், எந்தத் தூரத்தில் என்று உங்கள் கேரக்டருக்கு ஒரே ஒரு பதிலைக் கண்டுபிடித்து அதையே பத்துக்குப் பத்து வரும்வரை பழகுங்கள். 623 இருபக்கமும் வர வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு ஒரு பக்கம் மட்டும்தான் வரும். எதிராளி அதைக் கண்டுபிடித்து உங்களை அந்தப் பக்கம் திருப்பிவிடுவான்.

உங்களுடைய நீளமான உதை எவ்வளவு தூரம் எட்டுகிறது என்று கண்ணால் அளப்பது. அதன் நுனியில் நின்று ஆடுவதும் உள்ளே போய் ஆடுவதும் வேறு வேறு ஆட்டம்.

ஒரு காம்போ. ஒன்றே ஒன்று, எந்த நேரத்திலும் தவறாத சின்னக் காம்போ. தேர்ட் ஸ்ட்ரைக்கில் சுன் லீ என்றால் குனிந்து நடு உதை, அதிலிருந்து சூப்பர் ஆர்ட் 2. அதை மட்டும் வைத்துக்கொண்டு பல வருடம் ஜெயித்தவர்கள் உண்டு.

கைல் மாதிரி பின்திசையை அழுத்திப் பிடித்து வைத்து அடி விடுகிற கேரக்டர் என்றால் முழுதாக ஏறக்குறைய ஒரு நொடி பிடிக்க வேண்டும். அவசரக் கை உள்ளவர்களுக்குச் சரிப்படாது. இன்னொரு எச்சரிக்கை: பிற்காலக் கேம்களில் அரைகுறையாக உருட்டினாலும் அடி வரும். பழையவற்றில் வராது. கேம் கோளாறு என்று நினைக்க வேண்டாம், திசை விட்டுப்போயிருக்கிறது. பயிற்சி மோடில் திரையில் இன்புட் காட்டும் வசதியைப் போட்டுப் பார்த்தால் எந்தத் திசை என்று தெரிந்துவிடும். ஃபைட்கேடிலும் பயிற்சி மோட் ஸ்கிரிப்ட் கிடைக்கிறது, கட்டாயம் போட்டுக்கொள்ளுங்கள்.

கம்ப்யூட்டரோடு ஆடுவதை விட்டுவிடுங்கள். அது உங்கள் பட்டனைப் பார்த்துப் பதில் சொல்லும், மனிதன் அப்படி ஆட மாட்டான். அதனிடம் கற்றதெல்லாம் கெட்ட பழக்கமாகத்தான் மிஞ்சும்.

6. ஆள் பிடிப்பது

ஒவ்வொரு கேமுக்கும் டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியில் குழுக்கள் இருக்கின்றன. உங்கள் வட்டாரத்துக் குழுவைத் தேடிச் சேருங்கள். தூரம் இங்கே முக்கியம். பிங் (செய்தி எதிராளியிடம் போய்த் திரும்பும் நேரம், மில்லி நொடியில்) 100-க்குக் கீழே இருந்தால் நிம்மதியாக ஆடலாம், 150 தாண்டினால் ரோல்பேக்கிலும் ஆட்கள் திரையில் குதிக்கத் தொடங்குவார்கள். மாலையிலும் வார இறுதியிலும் அறை நிறையும். பகலில் வந்து பார்த்துவிட்டு, கேம் செத்துப்போச்சு என்று முடிவு கட்டாதீர்கள்.

சேர்ந்ததும் 'நான் புதியவன், தோற்கத் தயார், யாராவது நீண்ட செட் ஆடுவீர்களா' என்று எழுதிப் போடுங்கள். கூச்சப்பட வேண்டாம். பழைய கேம் ஆடுகிறவர்களுக்குப் புது ஆள் வருவதே பண்டிகை மாதிரி. பத்து ஜெயிப்பு வரை என்று ஆடினால் நிறையக் கற்கலாம். ஒன்று ஜெயித்துவிட்டு ஓடிப்போவது கெட்ட பெயர் வாங்கித் தரும், அறை சின்னது, பெயர் பரவிவிடும். 10-0 என்று தோற்றாலும் கடைசி வரை இருந்துவிட்டு, எந்த இடத்தில் அதிகம் அடி வாங்கினேன் என்று கேளுங்கள். சொல்வார்கள். ரிப்ளேவைச் சேமித்து, தோற்ற ரவுண்டில் உங்கள் உயிர் எங்கே போனது என்று மட்டும் எண்ணுங்கள். பெரும்பாலும் ஒரே அடிதான் திரும்பத் திரும்ப இருக்கும்.

7. டோர்னமென்டில் பெயர் கொடுப்பது: கட்டணம், காகிதம், காலம்

நல்லா ஆட வந்ததும் போகலாம் என்று காத்திருந்தால் போகவே மாட்டீர்கள். மூன்றாம் மாதத்தில் ஒரு ஆன்லைன் போட்டியிலும், அடுத்து நேரில் நடக்கிற சின்னப் போட்டி ஒன்றிலும் பெயர் கொடுங்கள்.

பதிவு பெரும்பாலும் ஸ்டார்ட் ஜிஜி (start.gg) தளத்தில். கணக்கு தொடங்குவது இலவசம். நேரில் நடக்கும் போட்டிகளில் இரண்டு கட்டணம் தனித்தனியாக இருக்கும்: இடத்துக்கு ஒன்று, ஒவ்வொரு கேமுக்கும் ஒன்று. இடக் கட்டணம் மட்டும் கட்டிவிட்டு, கேமில் சேர்ந்ததாக நினைத்துக்கொண்டு வந்து நிற்கிறவர்கள் ஒவ்வொரு முறையும் இருக்கிறார்கள். கடைசிப் பக்கத்தில் கேமின் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். கேம் கட்டணம் பொதுவாகப் பரிசுப் பணத்துக்குப் போகும், இடக் கட்டணம் திரும்பாது. கடைசி வாரங்களில் தாமதக் கட்டணம் ஏறும். விலகினால் பணம் திரும்பக் கிடைக்கும் கடைசித் தேதி என்ன என்பதை நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

விதிகள் பக்கத்தைத் திறந்து பார்க்க வேண்டியவை: எந்த மெஷின், எந்தப் பதிப்பு, எந்தக் கேரக்டர்களுக்குத் தடை, சூப்பர் டர்போ என்றால் எந்த வேகம். இது பத்து நிமிட வேலை, பாதிப் பேர் செய்வதில்லை.

பெரிய போட்டிகளில் பழைய கேம்கள் பெரும்பாலும் முதன்மைப் பட்டியலில் இருக்காது, துணைப் போட்டிகளாக நடக்கும். சிகாகோ பக்கம் மே மாதக் கடைசியில் நடக்கும் காம்போ பிரேக்கர் இதற்குப் பெயர் போனது. லாஸ் வேகாஸில் நடக்கும் ஈவோவிலும் உண்டு. துணைப் போட்டியின் நேரம் கடைசியில்தான் அறிவிப்பார்கள் என்பதால் முழு வார இறுதிக்கும் தங்கத் திட்டமிடுங்கள். ஜப்பான் போகும் வாய்ப்பிருந்தால் டோக்கியோவின் தகாதனோபாபாவில் உள்ள மிகாடோ ஆர்கேடைப் பாருங்கள், பழைய கேம்களின் போட்டிகள் இன்றும் அசல் மெஷினிலேயே நடக்கின்றன. தேர்ட் ஸ்ட்ரைக்குக்கு ஐவர் அணிப் போட்டியான கூப்பரேஷன் கப் ஜப்பானில் புகழ்பெற்றது. அணி சேர்க்காமல் போனால் பார்வையாளர்தான்.

காகித விஷயம். பேட்ஜ் (நுழைவு அட்டை) வாங்கும் இடத்தில் புகைப்பட அடையாள அட்டை கேட்பார்கள். ஆடும் பெயர் எதுவாக இருந்தாலும், பதிவில் சட்டப்பூர்வப் பெயர் கேட்கும் கட்டத்தில் அட்டையில் உள்ளபடியே எழுதுங்கள். 18 வயது நிறையாதவர்களிடம் பெற்றோரின் ஒப்புதல் படிவத்தைப் பல போட்டிகள் கேட்கின்றன, வீட்டிலேயே கையெழுத்து வாங்கி எடுத்துப் போங்கள். வெளிநாட்டுப் போட்டி என்றால் விசாவை முதலில் பாருங்கள். அமெரிக்க விசா நேர்காணலுக்குப் பல நாடுகளில் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். போட்டித் தேதி அறிவித்த பிறகு விண்ணப்பித்தால் பல சமயம் நேரம் போதாது. பதிவு ரசீதோ அழைப்புக் கடிதமோ உதவலாம், உத்தரவாதம் இல்லை. விசா கைக்கு வரும்வரை ரத்து செய்ய முடியாத விமானச் சீட்டை வாங்காதீர்கள். பரிசு வாங்குகிற அளவுக்கு ஆடினால் அங்கே வெளிநாட்டவர் பணத்தில் பொதுவாக 30 சதவீதம் வரி பிடிப்பார்கள் என்பதும் ஒரு தகவல். அந்தக் கவலை எனக்கு இதுவரை வந்ததில்லை.

8. போட்டி நாள்

பெரும்பாலான போட்டிகள் இரட்டை நீக்க முறை. ஒரு முறை தோற்றால் தோற்றவர் பக்கம் போவீர்கள், இரண்டாவது முறை தோற்றால் வெளியே. ஆக, எப்படி ஆடினாலும் இரண்டு எதிராளிகள் நிச்சயம். அட்டவணையில் உங்கள் பிரிவு தொடங்கும் நேரத்துக்கு அரை மணி முன்பே மேசையருகே இருங்கள். பெயர் கூப்பிட்டுச் சில நிமிடங்களுக்குள் வரவில்லை என்றால் தகுதி நீக்கம். கழிப்பறை போயிருந்தேன் என்பது செல்லாது.

கன்ட்ரோலரை நீங்களே கொண்டுபோக வேண்டும், வயரோடு. உட்கார்ந்ததும் பட்டன் சரிபார்க்கக் கேளுங்கள். ஒரு கேரக்டரை எடுத்து லேசான குத்து, நடு, பலம், அப்புறம் உதை மூன்று என்று வரிசையாக அழுத்திப் பாருங்கள். மேட்ச் தொடங்கிவிட்டால் பட்டன் மாறியிருப்பது உங்கள் பாடு. பின்னால் வரிசையில் ஆள் நிற்கிறார்களே என்று அவசரப்பட வேண்டாம், இது உங்கள் உரிமை.

இரண்டு பொறிகள். ஒன்று, நடு ஆட்டத்தில் பாஸ் (pause) பட்டன் அழுந்தி ஆட்டம் நின்றால் அந்த ரவுண்டையே பறிகொடுக்க நேரலாம். ஸ்டிக்கில் பூட்டு இருந்தால் போட்டுவிடுங்கள். இரண்டு, வயர்லெஸ் பேடை அந்த மெஷினோடு இணைத்துவிட்டு அப்படியே எழுந்து போவது. பையில் கிடக்கும் உங்கள் பேடின் பட்டன் அழுந்தி வேறு யாருடைய மேட்சிலோ பாஸ் விழும். வயரில் ஆடுங்கள், எழும்போது இணைப்பைத் துண்டித்துவிட்டு எழுங்கள்.

செட் பொதுவாக மூன்றில் இரண்டு. ஜெயித்தவர் அதே கேரக்டரோடு தொடர வேண்டும், தோற்றவர் மாற்றிக்கொள்ளலாம். யார் முதலில் கேரக்டர் காட்டுவது என்று இழுபறி வந்தால் நடுவர் காதில் ரகசியமாகச் சொல்லும் முறையைக் கேட்கலாம். முடிந்ததும் ஜெயித்தவர் மேசையில் முடிவைச் சொல்ல வேண்டும்; சொல்லாமல் போய்ப் பதிவு குழம்பியதுண்டு.

0-2 என்று வெளியேறினால் வீட்டுக்குக் கிளம்பாதீர்கள். கட்டணம் கட்டியது மிச்ச நாளுக்கும் சேர்த்துத்தான். ஓரத்து மெஷின்களில் சும்மா ஆட்டம் நடந்துகொண்டிருக்கும். உங்களைத் தோற்கடித்தவரை அங்கே பிடித்து இன்னும் பத்து மேட்ச் கேளுங்கள்.

9. அசல் மெஷின் ஆசை

வரும். ஒரு வருடம் ஆடிய பிறகும் இருந்தால் பாருங்கள். கேப்காமின் சிபிஎஸ் 2 என்ற ஆர்கேட் கேம் போர்டுகளில் உள்ளே ஒரு பேட்டரி இருக்கிறது, கேமின் மறைகுறிச் சாவி அதை நம்பித்தான் நினைவில் நிற்கிறது; பேட்டரி தீர்ந்தால் கேம் ஓடாது. சூப்பர் டர்போ அந்த வகைதான். மீட்க வழி உண்டு, ஆனால் விற்கிறவரிடம் பேட்டரி எப்போது மாற்றினார்கள், அல்லது நிரந்தரத் தீர்வு செய்தாயிற்றா என்று கேட்டு, ஓடும் வீடியோ வாங்கிவிட்டுப் பேசுங்கள். கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் ஓடும் நியோ ஜியோ மெஷினின் கார்ட்ரிட்ஜ்களில் போலி ஏராளம், உள்ளே இருக்கும் சர்க்யூட் படம் காட்டாதவரிடம் வாங்க வேண்டாம்.

முழுக் கேபினெட் வாங்குவதற்கு முன் வாசல் அகலத்தையும் மாடிப்படித் திருப்பத்தையும் அளந்து பாருங்கள். வண்டிக்கூலியும் தூக்குக் கூலியும் சேர்ந்து பல சமயம் மெஷின் விலையையே எட்டிப் பிடிக்கும். ஆறு பட்டன் கேம்களுக்கு ஜாமா இணைப்போடு (கேபினெட்டையும் கேம் போர்டையும் இணைக்கும் பொதுவான வயரிணைப்பு) உதைப் பட்டன்களுக்கெனத் தனி வயர் வேண்டும், அது விற்பனையில் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். வந்து இறங்கியதும் உடனே கேம் போர்டைச் செருகாதீர்கள். முதலில் மின்சப்ளையை மட்டும் போட்டு 5 வோல்ட் சரியாக வருகிறதா என்று மீட்டரில் பாருங்கள். பிறகு அணைத்து, போர்டின் எந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும் என்று இணைப்பில் உள்ள குறியோடு ஒப்பிட்டுச் செருகுங்கள். தலைகீழாகச் செருகிச் சுவிட்சைப் போட்டால் போர்டு அங்கேயே போய்விடும்.